அன்னாசித் தண்டு

— கைய நீட்டுக்கா.

— எதுக்குடா? வந்ததும் வராததுமா என்ன இது. பைய இறக்கி வை, ஒரு வாய் தண்ணி குடி.

— தண்ணி கெடக்கட்டும். கைய நீட்டு. இந்த வெக்கையில யாராவது மணிக்கட்டு வரைக்கும் சட்டை போடுவாங்களா?

— கடையில ஏ.சி. எலும்பு வரைக்கும் குளிருது. கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துற வேலைடா, விரல் நடுங்கினா பொழப்புப் போச்சு.

— இன்னிக்கு ஞாயித்துக்கெழம. கடையே கெடையாது. கைய மேல சுருட்டு.

— டேய், மெதுவா! இழுக்காத, வலிக்குது.

— ஐயோ... என்னக்கா இது! கன்னிப் போயி, கருநீலமா... இங்க ஒண்ணு, முழங்கைக்கு மேல ஒண்ணு. இதெல்லாம் என்ன?

— இடிச்சுக்கிட்டேன்.

— எதுல?

— கடையில, லென்ஸ் வைக்கிற அலமாரியில.

— இது?

— அது குளியலறைக் குழாய்.

— இது?

— அது... தெரியல. தூக்கத்துல கட்டில்ல பட்டிருக்கும்.

— ஏன்கா, இந்த வீட்டுல இருக்குற சாமானெல்லாம் தேடி வந்து உன்ன மட்டும்தான் இடிக்குமா?

— ஆமா. அதுங்களுக்கு என்மேல அவ்வளவு பாசம்.

— விளையாடாத. போன வாரம் வீடியோல பேசும்போது சட்டைக் கை விலகுச்சே, அப்பவே பாத்துட்டேன். நீ டக்குனு போன கவுத்து வச்சே. இப்ப படியேறி வரும்போது கீழ்வீட்டம்மா என்ன நிறுத்தி, 'நீங்கதான் தம்பியா? கொஞ்சம் அக்காவப் பாத்துக்கோங்க'ன்னாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? பாயின்ட்டுக்கு வரேன். மாமா உன்ன அடிக்கிறாரா?

— வாயக் கழுவுடா. உங்க மாமா கொசு வந்தாக்கூட ஜன்னலத் தொறந்து வச்சு, 'போப்பா, வெளிய போ'ன்னு சொல்ற மனுசன்.

— எல்லா ஊர்லயும் பொம்பளைங்க இதத்தான் சொல்றாங்க.

— எல்லா ஊர்லயும் தம்பிங்க இப்படித்தான் அரைகுறையாப் பாத்துட்டு அருவாளத் தூக்குறாங்க.

— அருவா இல்ல, பை கொண்டாந்திருக்கேன். காலிப் பை. உன் துணிமணிய எடுத்து வை. சாயங்காலம் பஸ்ஸு. என்கூட வந்துரு.

— எங்க? உன் ஒத்த ரூமுக்கா? அதுல உன்னோட டப்பாவெல்லாம் அடுக்கினது போக நீயே குறுக்கதான் படுக்குற.

— முன்னமாதிரி இல்லக்கா இப்ப. நான் உன்ன வச்சுக் காப்பாத்துவேன். சத்தியமா. யாவாரம் நின்னுருச்சு.

— நின்னுருச்சா?

— ஐயோ, நின்னுருச்சுன்னா... சொந்தக் கால்ல நின்னுருச்சுன்னு சொன்னேன். பழக்கடை போட்டேன், அழுகிப்போச்சு. மீன் வளத்தேன், மிதந்துச்சு. நீ சிரிப்பே, சிரிச்சுக்க. ஆனா இந்த அன்னாசி மாத்திரை என்னக் கவுக்கல.

— எத்தன பேரு வாங்குறாங்க?

— அங்கங்க ஒண்ணு ரெண்டு பேரு. ஆனா ஒரு அம்மா இருக்காங்க பாரு, அவங்கதான் தூணு. மாசம் தவறாம பெட்டி பெட்டியா எடுக்குறாங்க. விடுதியோ மெஸ்ஸோ நடத்துறாங்க போல. மூஞ்சியப் பாத்ததில்ல, குரலக் கேட்டதில்ல. மெசேஜ்தான். அதுவும் இங்க, உங்க ஏரியாதான்கா! பேருந்து நிலையத்துக்குப் பின்னாடி லாண்டரிக் கடை இருக்குல்ல, அங்க வச்சுட்டுப் போகச் சொல்லுவாங்க.

— ஓ.

— இன்னிக்கு வந்த கையோட ஒரு எட்டுப் போயி, அவங்க யாருன்னு விசாரிச்சு, கையெடுத்துக் கும்பிட்டுட்டு வரலாம்னு இருக்கேன்.

— அதெல்லாம் ஒண்ணும் வேணாம். வாங்குறவங்க வீட்டு வாசல்ல போயி நின்னா பயந்துருவாங்க.

— உனக்குத் தெரியாதுக்கா. அந்த முதல் ஆர்டர் வந்த அன்னிக்கு நான் இருந்த நெலம எனக்குத்தான் தெரியும். அதுக்கு முந்தின நாள்தான் ஒரு மன்றத்துல கூட்டம் போட்டு, எல்லாரு முன்னாலயும் ஒரு துண்டு இறைச்சியில இந்த மாத்திரைத் தூளத் தடவி, 'இப்பக் கரையும் பாருங்க'ன்னு நின்னேன். அது கரையறதுக்குப் பல மணி நேரம் ஆகும்னு எனக்கு யாரும் சொல்லல. இறைச்சி அப்படியே கெடந்துச்சு, கூட்டம் கரைஞ்சு போச்சு. ரூமுக்கு வந்து படுத்தேன். உனக்குப் போன் பண்ணேன்ல?

— பண்ணே. பேசவே இல்ல. 'ஒண்ணும் இல்லக்கா, சும்மாதான்'ன்ன. அந்தச் சும்மா எனக்கு நல்லாவே இல்ல. ராத்திரி பூரா தூங்கல நான்.

— மறுநாள் அந்த ஆர்டர் வந்துச்சு. வரலன்னா, இன்னிக்கு நான் உன் முன்னால உக்காந்து இப்படிச் சத்தம் போட்டுட்டு இருக்க மாட்டேன். அவ்வளவுதான் சொல்வேன்.

— அப்படியெல்லாம் பேசாதடா. எனக்கு வயித்தக் கலக்குது.

— வயித்தக் கலக்குதா? அதுக்குத்தான் மாத்திரை விக்கிறேன். ஆனா நீங்க வாங்க மாட்டீங்க. எனக்கு எது வேதன தெரியுமா? ஊரு பேரு தெரியாத ஒரு அம்மா என்ன நம்புது, என் கூடப்பொறந்தவ ஒரு டப்பா வாங்கல.

— நான் வாங்கினா நீ உடனே 'எங்க அக்கா எனக்குப் பிச்ச போடுறா'ன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ. மீன் தொட்டிக்கு நான் குடுத்தத நீ திருப்பி அனுப்பல?

— அது அப்போ.

— சரி, அதுல என்னதான் இருக்கு, சொல்லு கேப்போம். ரொம்பத்தான் பீத்திக்கிற.

— நீ தின்ற பருப்பு, முட்டை, கறி எல்லாத்துலயும் புரதம் இருக்கு. அது நீளச் சங்கிலி. அப்படியே உடம்புல சேராது. வயித்துல சுரக்குற நொதி இருக்கே, என்சைம், அது கத்தரிக்கோலு மாதிரி அத வெட்டி வெட்டிக் குடுக்கும். சில பேருக்கு அந்தக் கத்தரி மொண்ணையாயிடும். அப்பதான் சாப்பிட்டதும் வயிறு கல்லாட்டம் உக்காந்துக்கும். அன்னாசித் தண்டுலயும், பப்பாளிக்காய கீறுனா வடியுமே பாலு, அதுலயும் அதே வேலைய செய்ற நொதி இருக்கு. அன்னாசி நெறயத் தின்னா நாக்கு எரியும்ல? அது வேற ஒண்ணும் இல்ல. நீ அதத் திங்குற, அது உன்னத் திங்குது.

— அப்ப உள்ள போயி வயித்தையே தின்னுடாதா?

— வயித்துக்கு உள்பூச்சு இருக்குக்கா. தன்னோட சொந்த அமிலத்தையே தாங்குது, இதத் தாங்காதா? பயப்பட ஒண்ணும் இல்ல. நான் எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான் அனுப்புவேன்: 'இது மருந்தில்ல, பழம்.'

— ம். பழம்.

— கதவு ஏன் ஆன்னு தொறந்து கெடக்கு? ஏம்மா... அட, மாப்ளே! எப்ப வந்தே? சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேன்ல?

— வாங்க மாமா. சொல்லாம வந்தாத்தான சில விஷயம் தெரியும்.

— என்ன மாப்ளே, குரலு ஒரு மாதிரி இருக்கு? அந்தப் பை என்ன, வாயப் பொளந்துட்டு கெடக்கு?

— ஏங்க, நீங்க மொதல்ல கை கால கழுவிட்டு வாங்க. கையெல்லாம் கிரீசு. லிஃப்டுக்குள்ள படுத்து உருண்டீங்களா?

— எட்டாவது மாடியில நின்னுபோச்சு. உள்ள ஒரு கல்யாணப் பொண்ணு, போட்டோ எடுக்கப் போனவ. நான் போயி இறக்குற வரைக்கும் என்னத்தான் திட்டுனா. கரண்டு போனதுக்கும் நான், கயிறு தேஞ்சதுக்கும் நான். அது பழகிப்போச்சு... மாப்ளே, நீ ஏன் அவ கையப் புடிச்சிட்டிருக்க?

— இது என்ன மாமா?

— ஓ. அதுவா.

— அதுவான்னா? இதப் பாத்துட்டு 'அதுவா'ன்னு கேக்குற புருசன இப்பத்தான் பாக்குறேன்.

— தம்பி, போதும்.

— இரும்மா, அவன் கேக்கட்டும். கேளு மாப்ளே. நீயும் கேளு. எல்லாரும் கேட்டாச்சு, நீ ஒருத்தன்தான் பாக்கி. ஆஸ்பத்திரியில நர்ஸு என்ன வெளிய நிக்கச் சொல்லிட்டு, கதவச் சாத்திட்டு, 'வீட்டுல ஏதாவது பிரச்சினையாம்மா, தைரியமா சொல்லுங்க'ன்னு அவகிட்ட கேட்டாங்க. கதவுக்கு இந்தப் பக்கம் நான் நிக்கிறேன், கையில அவ பையப் புடிச்சிக்கிட்டு. அங்க உக்காந்திருந்த சின்னப் புள்ளைங்கூட என்ன ஒரு மாதிரி பாத்துச்சு. எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

— நான் இல்லன்னுதாங்க சொன்னேன். எத்தன தரம் சொன்னேன்.

— நீ இல்லன்னு சொல்லச் சொல்லத்தான் அவங்க ஆமான்னு எழுதிக்கிறாங்க. அதான் விதி.

— அப்ப எப்படித்தான் மாமா வருது? காத்துல வருதா?

— தெரியல மாப்ளே. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? மேஜை மூலையப் பாரு. கட்டில் காலப் பாரு. மெஷின் பார்ட்டு சுத்தி வர்ற ஸ்பாஞ்ச எடுத்துட்டு வந்து எல்லா மூலைக்கும் ஒட்டி வச்சிருக்கேன். வீடு பாக்க பைத்தியக்காரன் வீடு மாதிரி இருக்கு. ஒரு டம்ளர அவ கையில குடுக்கக்கூட எனக்குப் பயம். மேஜையில வச்சிட்டு நகந்துக்கிறேன். கட்டின பொண்டாட்டியத் தொட்டு எத்தன நாள் ஆச்சு, அத உங்கிட்ட சொல்லவும் எனக்கு வெக்கமா இருக்கு.

— நடிப்புக்கு ஸ்பாஞ்ச் ஒட்டினவங்களையும் நான் பாத்திருக்கேன்.

— டேய்!

— விடும்மா. அவன் அக்காவுக்காகப் பேசுறான், அதுல தப்பில்ல. மாப்ளே, அவ நெஞ்சுல வால்வு மாத்தினது உனக்குத் தெரியும். அன்னிலேருந்து ரத்தம் உறையாம இருக்க மாத்திரை. நான்தான் தினமும் எடுத்துக் குடுக்குறேன், ஒரு நாள் தவறினதில்ல, ஒண்ணு கூடினதும் இல்ல. இப்ப ரத்தம் தண்ணியா ஓடுதாம். பல்லு தேய்ச்சா ஈறுல கசியுது. போன வாரம் மூக்குல வந்த ரத்தம் நிக்கவே மாட்டேன்னுச்சு, நான் துண்டு துண்டா மாத்திப் புடிச்சேன். மாத்திரையக் குறைச்சா வால்வுல அடைக்கும், குறைக்கலன்னா உள்ளுக்குள்ள எங்கயாவது, தலைக்குள்ளகூட கசியலாமாம். டாக்டரு ரெண்டு கையையும் விரிக்கிறாரு. நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்காரு. படுக்கையில சேக்கணும்னு பேச்சு.

— படுக்கையிலயா? அக்கா, இத ஏன் எங்கிட்ட சொல்லல?

— சொன்னா நீ பையத் தூக்கிட்டு வருவ. வந்துட்டல்ல.

— நீங்க மாத்திரையக் கூடக் குறையக் குடுத்திருப்பீங்க மாமா. கிரீசுக் கையோட, அவசரத்துல...

— மாப்ளே, நான் கயிறுல மனுசங்கள தொங்கவிட்டு சம்பாதிக்கிறவன். எண்ணறதுல தப்பு பண்ணா என் தொழில்ல பொணம்தான் விழும். என்ன அதுல மட்டும் சந்தேகப்படாத.

— அப்ப சாப்பாட்டுல ஏதாவது?

— டாக்டரும் அதத்தான் கேட்டாரு. வேற மருந்து, கஷாயம், டானிக்கு எதுனா எடுக்குறீங்களான்னு. இவ, 'மருந்தெல்லாம் எதுவும் இல்ல டாக்டர், பழம்தான்'ங்குறா. எனக்கு ஒண்ணும் புரியல. வாங்கி வச்ச வாழப்பழம் அப்படியே கறுத்துப் போகுது. எந்தப் பழத்த இவ தின்னா?

— ஏங்க, அத இப்ப எதுக்கு...

— ஒண்ணே ஒண்ணு மட்டும் நல்லா ஆயிருக்கு, அதையும் சொல்லிடுறேன். முன்னல்லாம் சாப்பிட்டா வயிறு கல்லு மாதிரி இருக்குன்னு செவுத்தப் புடிச்சிட்டு உக்காந்திருப்பா. இப்ப நல்லா சாப்பிடுறா, நல்லா செரிக்குது. எல்லாம் சாயங்கால நடைதான். லாண்டரி வரைக்கும் அவளே போய்ட்டு வரேன்னு ஒரே அடம். மூட்டைய நான் தூக்குறேன்னாலும் விடமாட்டா.

— நடந்தா ரத்தம் சுத்தமாகும்னு சொல்லுவாங்க, நீலமாகும்னு யாரும் சொன்னதில்ல. எனக்கு இதெல்லாம் வேணாம் மாமா. அக்காவ நான் கூட்டிட்டுப் போறேன். எங்க ஊர்லயும் ஆஸ்பத்திரி இருக்கு.

— யாரு பாத்துப்பா? நீயா? உன் பொழப்பே பொட்டலம் கட்டி விக்கிறது. எவனோ எதையோ அரைச்சுக் குடுக்குறான், நீ கண்ணுல பட்டவன் வாயில எல்லாம் போட்டுட்டு வர்ற.

— அது மட்டும் சொல்லாதீங்க! என்ன என்ன வேணா சொல்லுங்க, யாவாரத்தச் சொல்லாதீங்க. கண்டவனுக்குக் குடுக்குற ஆளு இல்ல நான். ஒரு டப்பா கைய விட்டுப் போறதுக்கு முன்னால மூணு கேள்வி கேப்பேன். கம்பெனியில பயிற்சி குடுத்த அன்னிக்கே, இத கேக்காம விக்க மாட்டேன்னு எழுதி வாங்கிட்டுத்தான் அனுப்புனாங்க. அன்னாசி, பப்பாளி ஒத்துக்காதா? பக்கத்துல ஆபரேஷன் எதுவும் இருக்கா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறீங்களா? அந்தக் கேள்விக்கு ஆமான்னு ஒருத்தர் சொன்னா, காலுல விழுந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன். எத்தன பேர அப்படித் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா?

— என்னது? என்ன கேள்வி அது? மறுபடி சொல்லு.

— எதக்கா?

— ரத்தத்துக்குச் சாப்பிடுற மாத்திரைக்கும் உன் அன்னாசிக்கும் என்னடா சம்பந்தம்?

— சம்பந்தம் இருக்குக்கா. அன்னாசித் தண்டு நொதியும் கொஞ்சம் ரத்தத்த இளக்கும். அடிபட்ட வீக்கம் வத்தணும்னு சிலர் சாப்பிடுறதே அதுக்குத்தான். ஏற்கெனவே ரத்தத்த இளக்குற மாத்திரை எடுக்குறவங்க, கூட இதையும் எடுத்தா ரெண்டும் ஒண்ணாச் சேந்து இழுத்துரும். லேசாப் பட்டாலே கன்னிப் போகும், ஈறு கசியும், மூக்கு... அதனாலதான் உங்கிட்ட ஒரு தடவகூட 'வாங்கிக்கக்கா'ன்னு நான் கேட்டதே இல்ல. வாங்கலன்னு மனசுக்குள்ள புகைஞ்சாலும், நல்லவேளை இவ கேக்கலன்னு நிம்மதியும் உண்டு. ஏன்கா? ஏன் இப்படி வெளிறிப் போற?

— ஏம்மா, உக்காரு. மாப்ளே, அந்தத் தண்ணிய எடு. மேஜையில வை, நான் குடுக்குறேன்.

— வைக்க வேணாங்க. என் கையப் புடிச்சுக் குடுங்க.

— கன்னிப் போகும்மா.

— போகட்டும். புடிங்க.

— அக்கா, என்னக்கா பண்ணுது? ஆட்டோ கூப்பிடவா?

— தம்பி, அந்த லாண்டரிக் கடை அம்மா இருக்காங்களே.

— இந்த நேரத்துல அவங்க எதுக்குக்கா?

— அவங்ககிட்ட அந்த மூணாவது கேள்வியக் கேட்டியா?

— அது வந்து... அவங்க முகத்தப் பாத்ததில்லன்னு சொன்னேன்ல.

— மெசேஜ்ல கேக்கலாம்ல?

— கேக்கணும்னுதான் நெனச்சேன். அடிச்சிட்டு அழிச்சிட்டேன். ஆமான்னு பதில் வந்துட்டா? அன்னிக்கு எனக்கு இருந்தது அந்த ஒரு ஆர்டர்தான்கா. அடுத்த மாசம் கேட்டுக்கலாம், அடுத்த மாசம் கேட்டுக்கலாம்னு தள்ளிப் போச்சு. ஒரே ஒருத்தர்கிட்டதான் கேக்கல. மத்த அத்தன பேர்கிட்டயும் கேட்டேன், சத்தியமா.

— இப்பக் கேளு.

— இப்ப எப்படி? போன் பண்ணா எடுக்கவே மாட்டாங்க அவங்க.

— போன் எதுக்குடா. என் மூஞ்சியப் பாத்துக் கேளு, நான் பதில் சொல்றேன்.